கிரிசாந்தோவின் பொல்லாத கண்

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஏறுவதில்லை என்று கிரிசாந்தோ சபதம் எடுத்தான். அதே நேரம் பார்த்து மடியில் இருந்த மகள் வாந்தி எடுத்தாள். எடுத்த இரண்டில் எது உருப்படியாக வெளியே வந்தது என்பதற்கு அவன் கால்சட்டையே சாட்சி.

ஷேர் ஜீப்பில் கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பினார்கள். எதிர் இருக்கையில் ஐந்து வயது மகன் போபெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் வருது" என்று அறிவித்தான். மனைவி லிகாயா கைப்பையில் இருந்ததை எல்லாம் மடியில் கொட்டிவிட்டு, காலிப் பையை மகனிடம் நீட்டினாள். தனாவன் ஊர் வருவதற்குள் பை நிறைந்துவிட்டது.

இது அந்தக் குடும்பத்துக்கு வழக்கமான வார இறுதிதான். வாந்தி மட்டும் புதிது. கிரிசாந்தோவுக்கு நகரசபைத் தண்ணீர் ஆபீசில் வேலை. லிகாயா பள்ளிக்கூட டீச்சர். ஐந்து நாள் ஓடியாடி உழைத்துவிட்டு, ஆறாம் நாளும் ஏழாம் நாளும் ஓடியாடிச் சாப்பிடுவார்கள். லிகாயாவுக்கு உடன்பிறந்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் எட்டு ஊரில். ஒருவர் வீட்டில் ஞானஸ்நானம் என்றால், இன்னொருவர் வீட்டில் பிறந்தநாள். அதுவும் இல்லையென்றால் எவர் ஊரிலாவது புனிதர் திருவிழா. அவர்கள் நாட்டில் திருவிழா இல்லாத சனிக்கிழமையை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். போகாமலும் இருக்க முடியாது. போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பதற்காகவே ஒரு விருந்து வைப்பார்கள்.

கிரிசாந்தோவுக்கு வேண்டியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் வரப்போகிற ஞாயிறு. அன்றைக்குத்தான் ஜெனரல் முதல்முதலாகக் களத்தில் இறங்குகிறான்.

ஜெனரல் என்பது சண்டைச் சேவல். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாங் இஸ்கோவும் கிரிசாந்தோவும் பாதிப் பாதியாகச் சேர்ந்து வாங்கி வளர்ப்பது. விடிந்ததும் அதைக் குளிப்பாட்டி, வெயிலில் காட்டி, அவித்த முட்டை கொடுத்து, காலுக்குத் தைலம் தேய்த்துவிட்ட பிறகுதான் கிரிசாந்தோ பல் தேய்ப்பான். "எனக்குக் கால் வலின்னா வீடு பூரா தைலம் தேடுவே. சேவல் கால்னா தைலம் தானா நடந்து வருது" என்று லிகாயா ஒருநாள் சொன்னாள். அவள் சொன்னது காதில் விழவில்லை. ஜெனரல் அப்போது கூவிக்கொண்டிருந்தான்.

ஆனால் அதே ஞாயிறு லிகாயாவின் மூத்த அக்கா கொன்சிங்கின் பிறந்தநாள். அக்காளை அங்கே 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். கொன்சிங்கைப் பார்த்தால் நமக்கும் வாயில் அதே வார்த்தைதான் வரும். அவள் வீட்டு விருந்துக்கு வராமல் இருப்பதற்கு ஒரே காரணத்தைத்தான் அவள் ஒத்துக்கொள்வாள். அதற்கும் மரணச் சான்றிதழ் கேட்பாள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் இரண்டும் படுத்துவிட்டன. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. மூன்று வயது நெனிங் வாடிய கீரையாகச் சுருண்டு கிடந்தாள். கிரிசாந்தோ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிள்ளைப் பாசம் பாதி. மீதிப் பாதி, காரணம் அவனுக்குத் தெரியும் என்பது.

முந்தின நாள் விருந்து வீட்டில் லிகாயா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குக் கோயிலைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று அவன் அழைத்துக்கொண்டு கிளம்பினான். போனது கோயிலுக்கு இல்லை. சேவலுக்குச் சத்து மாத்திரை விற்கும் ஒருவன் வீட்டுக்கு. பேச்சு நீண்டது. பிள்ளைகள் சிணுங்கின. வாசலில் ஒரு வண்டிக்காரன் சீவிய ஐஸில் ரோஸ் சாயத்தையும் பால்பொடியையும் கலந்து விற்றுக்கொண்டிருந்தான். ஈக்கள் வரிசையில் நின்றன. கிரிசாந்தோ ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். மறுபடி சிணுங்கியபோது மறுபடியும் வாங்கிக் கொடுத்தான். வாயைத் துடைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று போபெட்டிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் திரும்பினான்.

இப்போது லிகாயா நெனிங்கின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

"நீதானே ஊட்டினே."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல." அவன் தொண்டையைக் கனைத்தான். "லிகாயா, இது சாப்பாட்டால வந்ததில்ல. எனக்கென்னவோ இது உசோக்னு தோணுது."

உசோக் என்றால் கண்ணேறுதான். அங்கே உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதில்லை. யார் கண் பட்டதோ அவரே வந்து, விரலை எச்சில் பண்ணிப் பிள்ளையின் வயிற்றில் தடவ வேண்டும். அப்போதுதான் இறங்கும். வேறு யார் எச்சிலும் வேலை செய்யாது.

லிகாயா நிமிர்ந்து பார்த்தாள். "நீயா சொல்றே? உசோக்னா விழுந்து விழுந்து சிரிப்பியே."

"சொந்தப் பிள்ளைக்கு வந்தா சிரிப்பு வருமா? உன் ஆளுங்க கொஞ்சின கொஞ்சலை நீ பாக்கலயா? கொழுகொழுன்னு இருக்கான்னு கன்னத்தைக் கிள்றாங்க. தூக்கிப் போட்டுப் பிடிக்கிறாங்க. ஒருத்தராவது 'கண் படாம இருக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"யாரு கொஞ்சினது?"

கிரிசாந்தோ யோசித்தான். ஒருவர் பெயரைச் சொன்னால் அந்த ஒருவர் சண்டைக்கு வருவார். பெயரே சொல்லாவிட்டால் கதை நிற்காது. ஆகவே புத்திசாலித்தனமாகப் பொதுவில் வைத்தான்.

"எல்லாரும்தான்."

"எல்லாருமா?"

"ஒருத்தர் விடாம. அதனாலதான் சொல்றேன், பிள்ளைங்களைக் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போக வேண்டாம். வர்ற ஞாயிறு ஆத்தே வீட்டுக்கும் வேண்டாம். எனக்கும் வருத்தம்தான். என்ன பண்றது?"

லிகாயா ஈரத்துணியைப் பிழிந்தாள். "சரி, நாம போக வேண்டாம்" என்றாள். அவள் 'நாம' என்ற சொல்லை அழுத்தியதை அவன் கவனிக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும்போது தான் பாடுவதாகத்தான் நினைத்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை லிகாயா விடுப்பு எடுத்துக்கொண்டு பிள்ளைகளை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கிரிசாந்தோ கேட்டான். வயிறு சரியில்லை என்றார் என்று மட்டும் சொன்னாள். மருந்து கொடுத்தாள், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுத்தாள், இஞ்சிக் கஞ்சி வைத்தாள். வியாழக்கிழமை நெனிங் எழுந்து உட்கார்ந்து பொம்மையைக் கேட்டாள். கிரிசாந்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐஸ்காரனை மனதுக்குள் மன்னித்தான். கையோடு தன்னையும் மன்னித்துக்கொண்டான்.

சனிக்கிழமை ஜெனரலுக்கு இரண்டு முட்டை கிடைத்தது. ஞாயிறு மதியம் கிளம்பிவிடலாம் என்று மாங் இஸ்கோவிடம் சொல்லியாயிற்று.

ஞாயிறு காலை பத்து மணி வாக்கில் வாசலில் ஹாரன் சத்தம். கிரிசாந்தோ எட்டிப் பார்த்தான். இரண்டு ஜீப்புகள் நின்றிருந்தன. முதல் ஜீப்பிலிருந்து ஒரு நூடுல்ஸ் அண்டா இறங்கியது. அடுத்து வறுத்த பன்றி இறங்கியது. அதன் பின்னால் கொன்சிங் இறங்கினாள். பிறகு இறங்கியவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அவனுக்குக் கால் வலி எடுத்தது. மற்ற ஏழு உடன்பிறப்புகள், எல்லோருடைய ஜோடிகள், பிள்ளைகள், ஒரு கிடார்.

அவன் உள்ளே ஓடினான். "என்ன இது?"

"நீதானே சொன்னே, எல்லாரும்னு" என்றாள் லிகாயா. "கண் பட்டவங்கதானே தடவணும்? யாருன்னு தெரியாதப்ப எல்லாரும் தடவிட்டா நல்லதுதானே. ஆத்தே பிறந்தநாளையும் இங்கயே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. பாவம், பிள்ளைங்களுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். கிரிசாந்தோவுக்குச் செலவுகூட இல்லை, இலவசமாகவே கிடைத்தது.

கூடத்தில் பாய் விரித்து, பிள்ளைகள் இரண்டையும் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுக்க வைத்தார்கள். கொன்சிங் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கோயிலில் நற்கருணைக்கு நிற்பதுபோல் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக விரலை நாக்கில் தொட்டு வயிற்றில் தடவினார்கள். கொன்சிங் புருஷன் பன்றித் தோலைக் கடித்த வாயோடு வந்ததால், அவரைக் கொப்பளித்துவிட்டு வரிசைக் கடைசிக்குப் போகச் சொன்னார்கள். ஒவ்வொரு விரலுக்கும் போபெட் நெளிந்தான். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. நேற்றுவரை தெருவில் சைக்கிள் ஓட்டியவன் இன்றைக்கு ஏன் இப்படிக் கிடக்கிறான் என்று கிரிசாந்தோவுக்குப் புரியவில்லை.

இதற்குள் மாங் இஸ்கோ ஜெனரலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். நேரமாயிற்று என்று ஜாடை காட்டினார். கிரிசாந்தோ, இதோ வருகிறேன் என்று ஜாடை காட்டினான். கூட்டத்தில் வெளியே போகத்தான் வழியில்லை.

வரிசை முடிந்தது. பிள்ளைகள் அசையவில்லை. கொன்சிங் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எல்லாரும் தடவியாச்சு. இன்னும் யாரு பாக்கி?"

"சாந்தோ பாக்கி, ஆத்தே" என்றாள் லிகாயா.

"நானா? நான் அப்பன். அப்பன் கண்ணு எப்படிப் படும்?"

"பெத்தவன் கண்ணுதான்டா முதல்ல படும். வா" என்றாள் கொன்சிங்.

கிரிசாந்தோ நகரவில்லை. லிகாயா அவன் காதருகே குனிந்தாள். பார்த்தவர்கள் அவள் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

"டாக்டர் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டப்ப போபெட் எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டான். ரோஸ் ஐஸ். ரெண்டு தடவை. கோயில் இல்ல, சேவல் மாத்திரைக்காரன் வீடு. ஆத்தே கிட்ட அந்தக் கதையை நான் சொல்லட்டுமா, இல்ல நீ விரலை நக்குறியா?"

கிரிசாந்தோ கொன்சிங்கைப் பார்த்தான். அவளுடைய தம்பி ஒருவன் ஒருமுறை தன் பிள்ளைக்கு ஊசிப்போன வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான். அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. ஞானஸ்நானமோ சாவோ எதுவானாலும் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தக் கடலைக் கதையைச் சொல்லாமல் கொன்சிங் ஜெபத்தைத் தொடங்கியதில்லை. தம்பி இப்போது எந்த விருந்திலும் கதவோரமாகவே உட்காருகிறான்.

கிரிசாந்தோ விரலை நக்கினான். முதலில் நெனிங் வயிற்றில் தடவினான், பிறகு போபெட் வயிற்றில்.

போபெட் ஒரு கண்ணை மட்டும் திறந்து அம்மாவைப் பார்த்தான். "இப்ப எழுந்துக்கலாமா?" என்று உதட்டசைவில் கேட்டான். அம்மா தலையசைத்தாள். பையன் துள்ளி எழுந்து, தனக்கு நூடுல்ஸ் வேண்டும் என்றான். அண்ணனைப் பார்த்துத் தங்கையும் எழுந்தாள். கூடம் முழுக்கக் கைதட்டல். கொன்சிங் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு பொல்லாத கண்ணுப்பா இவனுக்கு" என்று அவள் சொன்னது தெருமுனைவரை கேட்டது. "எங்கெங்கயோ தேடினோம், ஆளு வீட்டுக்குள்ளயே இருந்திருக்கான்."

உறவுக்காரப் பெண்கள் மெதுவாகத் தங்கள் கைக்குழந்தைகளின் முகத்தை மூடினார்கள். கிரிசாந்தோவுக்கு அதெல்லாம் பொருட்டாகப் படவில்லை. மானம் போனால் போகட்டும், ஞாயிறு மிஞ்சியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு ஓடினான்.

மாங் இஸ்கோ சட்டையைக் கழற்றிச் சேவலின் மேல் போர்த்தியிருந்தார்.

"வாங்க போகலாம், நேரமாச்சு."

"அங்கயே நில்லு தம்பி."

"ஏன், என்ன ஆச்சு?"

"பெத்த பிள்ளைகளையே ஒரு வாரம் படுக்க வெச்ச கண்ணு. சேவல் எம்மாத்திரம்? எட்டு மாசமா நீதான் அதைத் தினம் பாத்துக்கிட்டு இருந்தியா? கடவுளே, எப்படித்தான் உயிரோட இருக்கோ."

"ஐயோ மாங் இஸ்கோ, அதெல்லாம் சும்மா. உசோக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வந்து..."

சொல்ல வாயெடுத்தவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் கொன்சிங் தட்டில் நூடுல்ஸோடு நின்றுகொண்டிருந்தாள். "அது வந்து? சொல்லுப்பா" என்றாள். அவளுக்குப் பின்னால் லிகாயா நின்றாள். கிரிசாந்தோ வாயை மூடிக்கொண்டான். மாங் இஸ்கோ சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு, அவனுக்கு முதுகு காட்டியபடியே தெருவில் இறங்கிப் போனார்.

அன்றைக்கு ஜெனரல் தோற்றிருந்தாலாவது கிரிசாந்தோவுக்குப் பேச ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். ஜெனரல் மூன்று நிமிஷத்தில் ஜெயித்துவிட்டான். பொல்லாத கண்ணுக்காரன் பார்க்காததால்தான் ஜெயித்தான் என்று சேவல் களம் முழுக்கப் பேச்சு.

விருந்தாளிகள் போனபின், மாங் இஸ்கோ கதவைத் தட்டினார். கிரிசாந்தோ திறக்கப் போனான். அவனைப் பார்க்காமல், உள்ளே தலையை நீட்டி லிகாயாவைக் கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயிறும் ஜெனரலை இறக்கறேன்மா. அன்னிக்கு இவனை எங்கயாவது வெளியூர் கூட்டிட்டுப் போயிடு. பஸ் காசு நான் தர்றேன்."

"பிள்ளைங்களுக்கும் சேத்துத்தானேங்க?" என்று கேட்டுக்கொண்டே லிகாயா கையை நீட்டினாள்.