சாம்பல் நிறப் பேன்ட்டின் மூன்றாவது தையல்

பாசமும் மரியாதையும், நீ திட்டுவாயே என்ற பயமும் சரிபாதியாகக் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி மனைவி, கடையிலிருக்கும் இரண்டு தையல் மெஷின்கள் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் உன் முழங்காலும் அதேபோல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னு மழுப்பிடுவே. பேப்பர்ல எழுது. பொய் எழுதினா உன் கையெழுத்து கோணும், எனக்குத் தெரியும்" என்று நீ சொன்னதால்தான் இந்தக் கடிதம். கையெழுத்து கோணியிருந்தால் அது பொய்யால் இல்லை, வெட்டுமேஜையில் கத்தரிக்கோலுக்கும் துணிக்கட்டுக்கும் நடுவே வைத்து எழுதுவதால். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் குடலில் கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தது உனக்குத் தெரியும், நீதான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அரை மயக்கத்தில் நான் டாக்டரிடம், "என்ன நூல் போட்டீங்க, ஒத்தையா ரெட்டையா" என்று கேட்டதாக நீ இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். கேட்டால் என்ன தப்பு? ஆயுசெல்லாம் தைத்தவன் தன் வயிற்றுத் தையலைப் பற்றி விசாரிக்கக் கூடாதா? ஆனால் அக்கா, என் உடம்பைப் பற்றி எனக்கு முதலில் சேதி சொன்னது எந்த டாக்டரும் இல்லை, என் சாம்பல் நிறப் பேன்ட்தான். போன வருஷம் ஒரு நாள் மேல் அலமாரியிலிருந்து துணி எடுக்கக் கையைத் தூக்கினேன், வாடிக்கையாளர் அம்மா ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேன்ட் தன் பாட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த அம்மா பெரிய மனசோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இளைத்துப்போயிருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்துதான் டெஸ்டும் ஸ்கேனும் ஆபரேஷனும்.

"வெக்கமே இல்லாம இதையெல்லாம் எழுதறியே, அதான் கையில டேப் இருக்கே, அளந்து பார்க்கறதுக்கென்ன" என்று நீ கேட்பாய். தன் இடுப்பைத் தானே அளக்கிற தையல்காரனை நம்பாதே. டேப் பட்டவுடன் வயிறு தானாக உள்ளே போகும். ஜில்லா கலெக்டரானாலும் போகும், எனக்கும் போகும். பேன்ட் அப்படியில்லை. நாள் முழுக்கக் கூடவே இருக்கிறது, அதனிடம் வயிற்றை எக்கி எத்தனை நேரம் ஏமாற்ற முடியும்? அதனால் நான் பேன்ட்டைத்தான் நம்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கு அதே சாம்பல் நிறப் பேன்ட்டைத்தான் உன் தம்பி மனைவி கொண்டு வந்து கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அக்கா, கச்சிதமாக நின்றது. என்னை விட்டு ஓடிய பேன்ட் திரும்ப வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது. கெட்டதை எடுத்த கையோடு உடம்பு ஏற ஆரம்பித்துவிட்டது, இனி நமக்குச் சாவில்லை என்று அந்த வராந்தாவிலேயே முடிவு செய்தேன். சக்கர நாற்காலி வேண்டாமென்று வாசல்வரை நடந்தது அந்தத் தைரியத்தில்தான்.

தைரியம் வந்தது, தெம்பு வரவில்லை. அசதி என்றால் நீ நினைக்கிற அசதி இல்லை. ஒரு பாபினில் நூல் சுற்றி முடிப்பதற்குள் கண் சொருகும். சட்டையில் ஒரு பித்தானை மாட்டிவிட்டு, அடுத்த பித்தானுக்குப் போகும் வழியில் உட்கார்ந்து இளைப்பாறுவேன். ஒரு நாள் பக்கத்துத் தெரு பாங்க் மேனேஜர் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். அவர் மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோய் முதுகுப் பக்கம் சேர்த்தவன், அப்படியே அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். அவர் பாவம், பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு மனுஷன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்து, என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதுகைத் தட்டிக் கொடுத்திருக்கிறார். தட்டிக் கொடுத்தால் இன்னும் நன்றாகத் தூக்கம் வராதா? இவள் வந்து எங்கள் இருவரையும் பிரித்துவிட்டாள். அன்று முதல் அவர் எங்கே பார்த்தாலும், "உங்க அன்பை மறக்க மாட்டேன்" என்கிறார். நானும் மறுத்துப் பேசவில்லை.

அதனால் மத்தியானம் கட்டாயத் தூக்கம் என்று உன் தம்பி மனைவி உத்தரவு போட்டாள். பேன்ட்டைக் கழற்றி மெஷின் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, நாடா வைத்த பைஜாமாவில் வெட்டுமேஜை மேல் படுப்பேன். வேறு பேன்ட் எதுவும் அப்போது ஆகாது, தழும்பை உரசும். சாம்பல் நிறம்தான் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது. சாப்பாடு விஷயத்தில், ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்கு மிருதுவாகச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். எதிர்க்கடை பேக்கரிக்காரர் காதில் இது விழுந்துவிட்டது. உலகத்திலேயே மிருதுவான பொருள் தன் கடை வெண்ணெய் பன்தான் என்பது அவர் கட்சி. தினம் சூடாக வரும். டாக்டர் சொன்ன கொஞ்ச நாள் முடிந்துவிட்டது, அதை யாரும் பேக்கரிக்காரரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் மத்தியானம் தூங்கி எழுந்து பேன்ட்டைப் போட்டால், இடுப்பில் தொளதொள என்று இருந்தது. என் கையே உள்ளே போனது. பேன்ட்டைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அக்கா. நோய் திரும்ப வந்துட்டுது, அவ்வளவுதான், என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்தால் வயிறு முன்னே நிற்கிறது. வீக்கம் என்று முடிவு கட்டினேன். கன்னம் உப்பியிருந்தது, மாத்திரையின் வேலை. "நல்லாத் தேறிட்டீங்களே" என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். போகிறவனிடம் வேறு என்ன சொல்வார்கள், பாவம், என்று அவர்களை மன்னித்தேன். இவளிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியில் இவள் இருந்த இருப்பை நீ பார்த்திருக்கிறாய். இன்னொரு தடவை அவளைப் பார்க்க வைக்க எனக்கு மனசில்லை. அதனால் தைத்த துணிகளை வீடுகளில் கொடுக்க அவள் வெளியே போன நேரம் பார்த்து, பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, இடுப்பை அவசரமாகச் சுருக்கிப் பிடித்துத் தைத்து மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்துவிட்டேன். உடம்பு இறங்கக் கூடாதென்று ரகசியமாக இரண்டாவது பன்னும் ஆரம்பித்தேன்.

ரெண்டு நாள் கழித்து மறுபடி தொளதொள. மறுபடி பிடித்துத் தைத்தேன். மூன்றாவது பன். அடுத்த வாரமும் தொளதொள. ஊரில் இருக்கிறவன் அளவையெல்லாம் தலைகீழாகச் சொல்கிறவன், என் பேன்ட்டின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து ஒரு தடவை உற்றுப் பார்த்திருக்கலாம். பயத்தில் இருக்கிறவனுக்கு எங்கே கண் தெரியும்? ஒன்று சொல்கிறேன், அக்கா. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் பிள்ளைகளுக்குக் கல்யாணக் கோட்டு தைக்காமலே போய்விடுவேனோ என்று ஒரு சாயங்காலம் மெஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே தூங்கியும் விட்டேன்.

டாக்டரிடம் திரும்பப் போகும் நாள் வந்தது. முந்தின நாள்தான் பேன்ட்டை நன்றாக இறுக்கிப் பிடித்துத் தைத்திருந்தேன், டாக்டர் கண்ணுக்கு ஆள் நிறைவாகத் தெரியட்டும் என்று. இவளும் கூட வந்தாள். நர்ஸம்மா செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறச் சொன்னார். செருப்புக்குக் குனிந்தேன். அவ்வளவுதான். பின்பக்கம் இடுப்பிலிருந்து கீழே வரைக்கும் சர்ரென்று ஒரே இழுப்பில் கிழிந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்த டாக்டரே எழுந்து வந்துவிட்டார். நான் இரண்டு கையாலும் பின்னால் பிடித்துக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறி நின்றேன். ஓடி ஒளிய வேறு இடமில்லை. நர்ஸம்மா முள்ளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஆபரேஷனுக்கு முன்னாடி நல்லா இருந்த காலத்து எடையையும் தாண்டிட்டீங்களே" என்றார்.

"தாண்டிட்டேனா? ஏறியிருக்கா, இறங்கியிருக்கா, சரியாப் பாருங்கம்மா" என்றேன்.

"முள்ளு இதுக்கு மேல போக இடம் கேக்குது சார்."

நான் இவளைப் பார்த்தேன். இவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"நான்தாங்க இடுப்புத் தையலைப் பிரிச்சு விட்டேன்" என்றாள். "நீங்க குண்டாயிட்டே வந்தீங்க. சொன்னா சாப்பாட்டை நிறுத்திடுவீங்க. அன்னைக்குத் தொப்பைன்னு வாய் தவறிச் சொன்னதுக்கு ரெண்டு நாள் வெறும் வெள்ளரிக்காய் தின்னீங்களே. அதான் நீங்க தூங்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு விட்டேன். மறுநாள் பார்த்தா பிதுங்கிக்கிட்டு நிக்கறீங்க. இந்த மனுஷன் என்ன இந்த வேகத்துல ஊதறார்னு மறுபடி பிரிச்சேன்."

"நான் இளைச்சுப் போறேன்னு நினைச்சு பிடிச்சுத் தைச்சேன்டி" என்றேன்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, ரிப்போர்ட்டெல்லாம் புரட்டிவிட்டு, "நான் போட்ட தையல் நல்லா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போட்டதுதான் பிரிஞ்சிருக்கு" என்றார். நோய் திரும்பவில்லை, அக்கா. சுத்தமாக இருக்கிறதாம். ரத்தம் கொஞ்சம் கம்மி, அதற்கு மாத்திரை. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இந்த அசதி மாசக்கணக்கில் இருப்பது சகஜமாம், படுத்தே கிடந்தால் அது போகாதாம், தினம் கொஞ்சம் நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டுமாம். பன்னைப் பற்றி அவராகக் கேட்கவில்லை, இவள்தான் போட்டுக் கொடுத்தாள். அதற்கும் ஒரு சிரிப்பு.

நர்ஸம்மா கொடுத்த பச்சைப் போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடுவரை நடந்தே வந்தோம். பஸ் வந்தது, வேண்டாமென்றேன். வழியெல்லாம் நின்று நின்று மூச்சு வாங்கினேன், நின்ற இடத்திலெல்லாம் இவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். கடை வாசலில் பாங்க் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். போர்வையோடு பார்த்தவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். இந்தத் தடவை நானும் மனசாரக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பேன்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சல்லடைதான். நான் போட்ட துளை ஒரு பக்கம், அவள் பிரித்த துளை ஒரு பக்கம். இன்னது உன்னுது, இன்னது என்னுது என்று பிரித்துப் பார்த்தபோது, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாமல் நன்றாக உள்ளே தள்ளி மூன்றாவதாக ஒரு வரிசை இருந்தது. அது எப்போது வந்ததென்று எனக்கு விளங்கவில்லை. இவளைக் கேட்டால், "பழைய பேன்ட்டு, எதையாவது சொல்லிக்கிட்டு" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். போகட்டும்.

இப்போது நான் புது மனுஷன். காலையும் மாலையும் நடை. பன்னை அடியோடு நிறுத்திவிட்டேன். புதுப் பேன்ட்டுக்குத் துணி விரித்து, இவளையே டேப் பிடிக்கச் சொல்லி, எக்காமல் அளவு கொடுத்து, சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், நாளைக் காலை வெட்டு. உள்ளே கூடுதல் துணி ஒரு நூல்கூட விடவில்லை. பிரித்துவிட இடமிருந்தால்தானே பிரிப்பாள்? இனி என் உடம்பு பேன்ட் சொன்னபடி கேட்கட்டும். ஆகவே நீ கவலைப்பட்டுக்கொண்டு அந்தப் பெரிய பலகார டப்பாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு வர வேண்டாம். அடுத்த மாதம் நானே நடந்தாவது வந்து சேருகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், கோட்டு அளவை மட்டும் அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிட வேண்டாமென்று சொல். உன் முழங்காலுக்குத் தனியாக என் அன்பு.

இப்படிக்கு,
நடந்துகொண்டிருக்கும் உன் தம்பி

பி.கு.: அண்ணி, வணக்கம். கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு மேஜை மேல் தூங்குகிறார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். பன்னை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரு கறை இருக்கும் பாருங்கள், அது வெண்ணெய்.

அந்த மூன்றாவது தையல் என்னுது அண்ணி. ஆஸ்பத்திரியில் உங்களை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, குளிச்சிட்டு வரேன்னு ஒரு நாள் வீட்டுக்குப் போனேனே, குளிக்கவா போனேன்? அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது போட அந்தப் பேன்ட்டைத்தான் கேட்டிருந்தார். அது அவருக்கு நிற்காதுன்னு எனக்குத் தெரியும். உட்கார்ந்து பிடிச்சுத் தைச்சேன். டேப் எதுவும் வைக்கல. அவரைத் தூக்கி உட்கார வைக்கறப்ப என் கையில தெரிஞ்ச அளவுதான். எவ்வளவு பிடிக்கறது, எவ்வளவு பிடிச்சாலும் இன்னும் பிடிக்கணும்போல இருந்துது. மெஷினை மிதிக்க முடியாம அழுதேன். அந்தப் பேன்ட்டு சரியா நின்னதைப் பார்த்துதான் மனுஷன் எழுந்து நடந்தார், அதனால அவருக்கு இது தெரியவே வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு தடவை பிரிச்சு விடறப்பவும் எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே அண்ணி, அதை எழுதத் தெரியல. அந்தச் சந்தோஷத்துலதான் கொஞ்சம் தாராளமாப் பிரிச்சுட்டேன்.

நீங்க கட்டாயம் வாங்க. டப்பாவையும் மறக்காம கொண்டு வாங்க. புதுப் பேன்ட்டுக்கு அவர் போட்ட சாக்பீஸ் கோட்டை அழிச்சு, ஒரு விரல் வெளியே தள்ளிப் போட்டு வச்சிருக்கேன்.