தொண்ணூத்தாறு பேருக்கும் ஒரே வேலை

சனிக்கிழமை காலையில எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காலேஜ் க்ளஸ்டர்ல ஒரு ஜாப் போடணும்.

க்ளஸ்டர்னா வேற ஒண்ணும் இல்ல. ஏகப்பட்ட கம்ப்யூட்டரை ஒரே ரூம்ல அடுக்கி, ஏசி போட்டு வச்சிருப்பாங்க. எங்கள மாதிரி பிஎச்டி பசங்க எங்க இருந்து வேணா அதுக்கு வேலை அனுப்பி, வரிசையில காத்துக் கிடந்து, பங்கு போட்டுக்கணும்.

என் ஆராய்ச்சி, ஒரு அலுமினியத் துண்டை இழுத்தா எப்ப அறுந்து போகும்னு கண்டுபிடிக்கிறது. நிஜத் துண்டு இல்ல, கம்ப்யூட்டருக்குள்ள. நிஜத் துண்டா இருந்தா முதல் வருசமே இழுத்துப் பாத்துட்டு வீடு வந்து சேந்திருப்பேன். இப்ப ஆறாவது வருசம்.

திங்கக்கிழமைக்குள்ள கைடு மேடத்துக்கு கிராஃப் போகணும். "இந்தத் தடவையும் வரலைன்னா, எக்ஸ்டென்ஷன் லெட்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்"னு ரொம்ப மரியாதையா சொல்லிட்டாங்க. அவங்க மரியாதையா பேசினாலே பின்னால ஏதோ பெருசா வருதுன்னு அர்த்தம்.

குத்தாலத்துக்குப் பக்கத்துல, குத்துக்கல்வலசை வீட்டு மாடியில லேப்டாப்போட உக்காந்தேன். லேப்டாப்லயே ஓட்டினா இருபது நாள் ஆகும். க்ளஸ்டர்ல தொண்ணூத்தாறு கோர், அதாவது தொண்ணூத்தாறு கம்ப்யூட்டர் மூளை கேட்டு ஜாப் போட்டேன். அரை மணி நேரத்துல ஓட ஆரம்பிச்சிருச்சு. எனக்கே நம்ப முடியல. உம்மாகிட்ட போய் ஒரு டீ கேட்டு, கால் மேல கால் போட்டுக் குடிச்சேன்.

அப்ப மச்சான் வந்தாரு. கூடப் பிறந்த லாத்தாவோட மாப்பிள்ளை. வளைகுடால கட்டட வேலையில சூப்பர்வைசர், ஒரு மாச லீவுல வந்திருந்தாரு.

"சாரல் பிடிச்சிருக்கு. கிளம்புலே, குத்தாலத்துல எண்ணெ தேய்ச்சுட்டு ஒரு குளியலப் போட்டுட்டு வருவோம்."

பைக்ல போகையில வாய் சும்மா இருக்குமா. இப்ப எனக்காக அங்கன தொண்ணூத்தாறு பேரு வேலை பாக்காங்க மச்சான்னு அளந்து விட்டேன்.

அவரு தலையைத் திருப்பாமலே கேட்டாரு. "தொண்ணூத்தாறு பேருக்கும் யாருலே வேலையப் பிரிச்சுக் குடுத்தா?"

"அதெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கிடும் மச்சான்."

"எங்க சைட்லயும் அப்படித்தாம்ல சொல்லுவானுவ"ன்னு சொல்லிட்டு வண்டிய ஓட்டினாரு. பாவம், படிக்காத மனுசன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சிகிட்ட ரெண்டு பேரும் உடம்பைக் குடுத்தோம். இடுப்புல ஒரு துண்டு, மத்த இடமெல்லாம் எண்ணெய். அண்ணாச்சி என் முதுகுல ஆறு வருசக் கோவத்தையும் கண்டுபிடிச்சு ஒவ்வொண்ணா எடுத்துட்டு இருந்தாரு.

போன் அடிச்சுது. க்ளஸ்டரைப் பாத்துக்கிற அண்ணன். வழுக்கி வழுக்கி ஒரு வழியா எடுத்தேன்.

"தம்பி, 'அலுமினியம் ஃபைனல் ஃபைனல் ரெண்டு' உங்க ஜாப்தான?"

ஆமாண்ணேன்னேன். என் ஜாப் எழுதித் தள்ளுற ஃபைல்ல எல்லாருக்கும் பொதுவான டிஸ்க் ரொம்பிட்டு இருக்காம். ரொம்பிட்டா அத்தனை பேர் ஜாப்பும் விழுந்துரும். அதுல பதினோரு நாளா ஓடிட்டு இருக்கிற ஒரு அக்காவோட தீசிஸும் உண்டு.

"நான் நிறுத்தினா ரூல்படி உங்க அக்கவுண்ட்டை ரெண்டு வாரம் பூட்டணும். பத்து நிமிசம் தாரேன். நீங்களே நிறுத்திட்டா நான் பாக்கல."

ரெண்டு வாரம் பூட்டினா திங்கக்கிழமை கிராஃப் கிடையாது. கிராஃப் இல்லைன்னா கையெழுத்து கிடையாது. எண்ணெய்க்குள்ளயும் எனக்கு வேர்த்துருச்சு.

க்ளஸ்டருக்குள்ள போற ஆப் போன்ல இருக்கு. ஆனா போனுக்குள்ள நான் போகணுமே. கட்டை விரலை வச்சேன். இது யார் விரல்னு போன் கேட்டுது. பத்து விரலையும் வச்சுப் பாத்தேன். துண்டுல துடைச்சா, துண்டு என்னைவிட எண்ணெயா இருக்கு. அருவித் தண்ணியில கைய நீட்டினா, தண்ணி ஓடிருச்சு, எண்ணெய் அப்படியே நிக்குது. சோப்புக்கு அங்கன தடை.

எப்படியோ நம்பரை அமுக்கிப் போனைத் திறந்துட்டேன். க்ளஸ்டர் பாஸ்வேர்டு கேட்டுது. 'எம்'மைத் தொட்டா 'என்' விழுது. தப்பு. மறுபடியும் தப்பு. மூணாவதும் தப்பாப் போனா அக்கவுண்ட் தானாவே பூட்டிக்கும்.

மச்சான் கையும் எண்ணெய். அண்ணாச்சி கையைப் பத்தி சொல்லவே வேண்டாம். சுத்திப் பாத்தா, காஞ்ச கை உள்ள ஒரே ஆள் எதிர்த்தாப்ல பழக்கடை அக்கா.

துண்டோட ஓடினேன். "அக்கா, இதுல கொஞ்சம் டைப் பண்ணித் தாங்களேன்."

என்னை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தாங்க. கையிலிருந்த ரம்புட்டானைக் கீழ வச்சாங்க. "நானும் பிஎஸ்சி மேத்ஸ்தான் தம்பி. சொல்லுங்க."

அப்பதான் எனக்கு என் பாஸ்வேர்டு ஞாபகம் வந்துது. அது நாலாவது வருசம் எனக்கு நானே வச்சுக்கிட்ட புத்திமதி. அருவி இரைச்சல்ல கத்தித்தான் சொல்லணும்.

"இந்த வருசம் முடிச்சிரு! எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்கா, சேத்து அடிங்க. முத எழுத்து பெருசு. கடைசியில அட் குறியும் ஆறும்."

குளிக்க நின்ன கூட்டம் திரும்பிப் பாத்துது. பின்னால இருந்து அண்ணாச்சி கேட்டாரு, "என்னத்த முடிக்கணும் தம்பி, கல்யாணத்தையா?"

"படிப்பை அண்ணாச்சி."

"எத்தனை வருசமா படிக்கீங்க?" இது அக்கா, போனை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

சொன்னேன். அக்கா உச்சுக் கொட்டினாங்க. அது இன்னும் வலிச்சுது.

ஆனா கை சுத்தம். ஒரே தடவையில உள்ள போயிட்டாங்க. நிறுத்துற கமாண்டையும் ஜாப் நம்பரையும் நான் சொல்லச் சொல்ல அடிச்சாங்க. ஒன்பதாவது நிமிசத்துல ஜாப் நின்னுது. அந்தக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டேன், என் கையிலிருந்து ரெண்டு சொட்டு அவங்க மங்குஸ்தான் மேல விழுந்துது.

உடனே க்ளஸ்டர் அண்ணன் கூப்பிட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

"தம்பி, நீங்க ஏத்தினது ஒத்தைக் கோர்ல ஓடுற சாஃப்ட்வேர் வெர்ஷன். அதனால வேலை பிரியவே இல்ல. தொண்ணூத்தாறும் தனித்தனியா அதே அலுமினியத்தை முதல்ல இருந்து இழுத்துட்டு இருந்துச்சு. சேந்து ஓடுற வெர்ஷனை ஏத்துங்க, முடிஞ்சிரும்."

மச்சான் என்னையே பாத்தாரு. "நான் காலையிலயே கேட்டேன்லா."

வீட்டுக்கு வந்து, சீயக்காய் போட்டுக் கையை மூணு தடவை தேய்ச்சுட்டு, சரியான வெர்ஷனை ஏத்தினேன். மச்சான் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. வேலை பிரிஞ்சிருக்கான்னு காட்டச் சொல்லி, பாத்துட்டுத்தான் சாப்பிடப் போனாரு. ஞாயித்துக்கிழமை மதியம் கிராஃப் வந்துருச்சு. நான் கொஞ்சம் அழுதேன், அது எண்ணெய் கண்ணுல பட்டதால இல்ல.

மேடம் கிராஃபைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இதே மாதிரி இன்னும் ஒம்பது சாம்பிளுக்கு ஓட்டிருங்கன்னாங்க, மரியாதையா.

அன்னிக்கே பாஸ்வேர்டை மாத்திட்டேன். போன வாரம் ரம்புட்டான் வாங்கப் போனேன். அக்கா எடை போட்டுக்கிட்டே, அந்தக் கடை வரிசை மொத்தத்துக்கும் கேக்குத மாதிரி கேட்டாங்க.

"என்ன தம்பி, முடிச்சாச்சா?"

பாஸ்வேர்டைத்தான் மாத்த முடிஞ்சுது.