முக்காட்டுக்காரர் நந்தியை வெட்டிய காலை

மைசூர் சமஸ்தானத்தில் முக்காட்டுக்காரரிடம் படம் எடுத்துக்கொண்டவர்களில் தன் மூக்கைத் தானே அடையாளம் கண்டவர் ஒருவர்கூட இல்லை. இதைக் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

சாமுண்டி மலையில் எழுநூறு படி ஏறி நாக்குத் தள்ளி நிற்கும் இடத்தில் பெரிய நந்தி இருக்கிறதல்லவா, அதன் எதிரில்தான் அவர் கடை. கடை என்றால் மூன்று கால் காமிரா, ஒரு கறுப்புத் துணி, ஓர் ஓட்டைக் குடை. பாதி நாள் தலை அந்தத் துணிக்குள்ளேயே இருக்கும். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால், "அது எதுக்கு ஸ்வாமி? நந்தி போட்டோக்காரன்னு போட்டாலே தபால் வரும்" என்பார்.

அவருக்கு இரண்டே சட்டம். கொம்பிலிருந்து வால் வரை நந்தி ஓர் அங்குலம்கூட வெட்டுப்படக் கூடாது. படத்தில் போட்டோக்காரன் நிழல் விழக் கூடாது. விழுந்தால் அவன் வேறு பிழைப்புப் பார்க்கலாம். மூன்று ஆள் உயரத்து நந்தியை முழுசாக அடக்க மனிதர் பின்னால் போவார், போவார், போய்க்கொண்டே இருப்பார். ஒருமுறை பொரிகடலைக் கூடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். எழுந்து, "இங்கேருந்துதான் சரியா தெரியறது" என்றார்.

காசு கொடுத்தவர்கள் படத்தில் கடுகளவு இருப்பார்கள். அதுவும் கலங்கிய கடுகு. சண்டைக்குப் போனால், "நீங்க ஆடிட்டீங்க. அவர் ஆடினாரா பாருங்க" என்று நந்தியைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் தம் பெண்ணின் படத்தை வரன் வீட்டுக்கு அனுப்பினார். "மாடு லட்சணமா இருக்கு. பொண்ணு எங்கே?" என்று பதில் வந்தது. முக்காட்டுக்காரர் அதில் முதல் பாதியை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

படம் பிடிக்குமுன் பிரசங்கம் கேட்டே ஆக வேண்டும். "சுத்திப் பாருங்க. ஒட்டு உண்டா, பூச்சு உண்டா? மலையிலே கிடந்த ஒத்தைப் பாறை. ஆயிரம் படி போட்ட ராஜா செதுக்க வெச்சது. வாகனம்னு பேரு, ஓடறதா? எஜமான் வருவார்னு முந்நூறு வருஷமா உட்கார்ந்திருக்கு. காத்திருக்கறதுக்கு ஒரு உருவம் கொடுத்தா இதுதான் ஸ்வாமி." அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

யுத்த காலத்தில் என் தம்பி பட்டாளத்தில் சேர்ந்தான். வழியனுப்பக் கொள்ளேகாலத்திலிருந்து அம்மா வந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. பிள்ளையின் முகம் ஒரு படமாகக் கையில் வேண்டும், அவ்வளவுதான் அம்மாவின் ஆசை. நான் ஒரு மடையன், முக்காட்டுக்காரரிடம் கூட்டிப்போனேன்.

ரயிலுக்கு முந்தின நாள் படத்தை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நந்தி ஜம்மென்று இருந்தது. அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார், மூக்குக்கு நேரே கொண்டுவந்தார், திருப்பினார்.

"ஏனுங்க, இதுல என்ற பையன் எங்கீங்க?"

முக்காட்டுக்காரர் விரலை வைத்துக் காட்டினார். விரல் நுனிக்குள் தம்பி மறைந்துபோனான்.

"மாடு எங்கீங்க போயிரப் போவுது? அங்கயேதான இருக்கும். போறவன் என்ற பையந்தானுங்களே."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. மனிதர் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியும்போது வாசலில் நிற்கிறார், முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு. "ஏறுங்க மலைக்கு. மத்தியானந்தானே ரயில்?"

"இங்கேயே எடுங்களேன்" என்றேன்.

"நந்தி பக்கத்துல இல்லேன்னா எனக்குக் கை ஓடாது ஸ்வாமி."

அம்மா ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினார், தம்பி நல்லபடி திரும்ப வேண்டுமென்று. ரயிலை நினைத்து நான் படிக்குப் படி கடிகாரத்தைப் பார்த்தேன். எதற்கும் பொறுமையில்லாத முக்காட்டுக்காரரோ குங்குமக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

யுத்தத்தால் படம் பிடிக்கும் கண்ணாடிப் பிளேட் கிடைக்காத நாட்கள். சிவராத்திரியன்று நந்தியை எடுக்க ஒரே ஒரு பிளேட்டை ஒளித்து வைத்திருந்தார். அதைத்தான் சொருகினார். பிறகு, நான் என் கண்ணாலேயே பார்த்தேன், மனிதர் முன்னால் நடந்தார். இன்னும் முன்னால். கொம்பு போயிற்று, வால் போயிற்று, திமில் போயிற்று.

"அம்மா, நந்தி மாதிரி உட்காருங்க. அவன் வருவான்னு நினைச்சிண்டு உட்காருங்க. தம்பீ, மூச்சு விட்டே, கொன்னுடுவேன்!"

ரயிலைப் பிடித்துவிட்டோம். படம் அடுத்த வாரம் வந்தது. தம்பியின் தாடை மச்சம்கூடத் தெரிந்தது. அம்மா விரலால் தடவிக்கொண்டே, "இதா, இங்கீருக்கறான்" என்றார். தம்பி திரும்பி வரும்வரை தினமும் ஒருமுறை அப்படித்தான் சொன்னார். அவன் வந்தான், கொழுகொழுவென்று. படத்திலிருப்பது தான்தான் என்று அவனே நம்பவில்லை.

அந்தப் படத்தில் நந்தி என்று பார்த்தால் கறுப்புச் சுவர் போலக் கொஞ்சம் மார்பும் கழுத்து மணி ஒன்றும்தான். ஆசையில் நெருங்கி வந்ததில் அவருடைய இரண்டாவது சட்டமும் போயிருந்தது. அம்மாவின் காலடியில் முக்காலியும் முக்காடுமாக ஒரு நிழல்.

ஊரையே படம் பிடித்த அந்த மனிதருக்கென்று ஒரு படம் கிடையாது. எங்கள் வீட்டில் பூஜைக்குப் பூ வைக்கும்போது, அம்மாவுக்கு ஒன்று வைத்துவிட்டு, அந்த நிழலுக்கும் ஒன்று வைக்கிறேன்.