ரிஜெக்ட் ஆன்டி படுத்துப் பார்த்த கட்டில்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரிஜெக்ட் ஆன்டி படுத்துப் பார்க்காத கட்டில் கிடையாது. கிளினிக் கட்டில், முதியோர் இல்லக் கட்டில், பிசியோ கட்டில் எல்லாம் இதில் சேர்த்தி. எங்கே புதிதாக ஒன்று திறந்தாலும் ஆன்டி போவார், செருப்பைக் கழற்றுவார், ஏறிப் படுப்பார். அதற்குப் பிறகுதான் கவுண்டரில் இருப்பவருக்கு வணக்கம் சொல்வார்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்களுக்கு எதிர்வீடு. சுங்கை வேயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பகுதியிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையுறையில் பொத்தல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 'ரிஜெக்ட்' என்று கழித்துக்கட்டுவதுதான் வேலை. ஓய்வுக்குப் பின் பார்க்கக் கையுறை இல்லை. அதனால் மருத்துவ உலகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும் என்று நினைக்கிறேன்.

பெயர்ப் பலகையை நம்பக்கூடாது என்பது ஆன்டியின் முதல் சட்டம். கிள்ளானில் முதியோர் டே கேர் என்றால் ஒன்று, சுபாங் ஜெயாவில் டே கேர் என்றால் வேறொன்று. ஓரிடத்தில் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, பயிற்சியும் தருவார்கள். இன்னோரிடத்தில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு அதையே சேவை என்பார்கள். ஊருக்கு ஊர் இப்படி இருந்தால் எதை எதனோடு ஒப்பிடுவது? ஆகவே ஆன்டி தானே வகை பிரித்துவிட்டார். உட்கார வைக்கும் இடம், படுக்க வைக்கும் இடம், நடக்க வைக்கும் இடம். இதிலெல்லாம் சேராதது போட்டோ எடுக்கும் இடம். அங்கே பிளாஸ்டிக் பூ நிறைய இருக்கும், மருந்து கொடுக்க மிஸ்ஸி யாரும் இருக்க மாட்டார்.

ஒருமுறை கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தைச் சோதிக்கப் போனவர், கட்டில் சுகமாக இருக்கவே தூங்கிவிட்டார். அதற்குள் ஷிப்ட் மாறிவிட்டது. புதிதாக வந்த தாதி, யாரோ சேர்த்துவிட்டுப் போன பாட்டி என்று எண்ணி ரத்த அழுத்தம் பார்த்து, கையில் பட்டையும் கட்டிவிட்டார். ஆன்டியின் கைப்பையில் இருந்த என் நம்பரைப் பார்த்து, காப்பாளர் நான்தான் என்று எனக்குப் போன் செய்தார்கள். வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆன்டி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாத லா தம்பி. கஞ்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் யாருன்னே கேக்காம அட்மிட் பண்ணிட்டாங்க பாரு. ரிஜெக்ட்."

கஞ்சியை முடிக்காமல் கிளம்ப மறுத்துவிட்டார். அவரை வெளியே கூட்டிவர நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என்ன உறவு என்று கேட்டார்கள். எதிர்வீடு என்றேன்.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. லோரி ஓட்டி என்னை வளர்த்தவர். அம்மா போன பிறகும் ஒருவரையும் எதிர்பார்க்காமல் இருந்தவர். வலது கால் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. குழறுவது வெட்கமாக இருந்ததால் பேசுவதையே விட்டுவிட்டார். தாமதிக்காமல் பயிற்சியைத் தொடங்கச் சொன்னார் டாக்டர். நான் போனில் தேடினேன். எல்லா இடத்துக்கும் ஐந்து நட்சத்திரம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது ஆன்டி கைப்பையோடு வாசலில் நின்றார். அப்பாவையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். படுக்கப் போகிறவர் வராமல் கட்டிலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அவர் வாதம்.

முதலில் சுபாங் ஜெயா. கண்ணாடிக் கட்டடம். ஆன்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவரைக் குளிப்பாட்டுவது யார்? அது பேக்கேஜில் இல்லை, வாசனை எண்ணெய் மசாஜ் உண்டு என்றார் மேனேஜர். ஆன்டி அவர்கள் கொடுத்த எலுமிச்சைத் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். லிப்டில், "ஹோட்டல் லா இது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்து கிள்ளானில் வேறோர் இல்லம். சுத்தமான இடம், அன்பான மனிதர்கள். எனக்குப் பிடித்துவிட்டது. ஆன்டி வேண்டாம் என்றார். எல்லாரும் படுத்தே கிடக்கிறார்கள் என்றார். நல்ல இடத்தையும் கழித்தால் எப்படி என்று வண்டியில் நான் கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன்.

ஆன்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர இப்படி ஒரு நல்ல இடத்துலதான் விட்டேன். போர்டுல ரிஹேப்னு போட்டிருந்துச்சு. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. படுக்க வெச்சே பாத்துக்கிட்டாங்க. அவர் எழுந்திருக்கவே இல்ல."

பின் சீட்டில் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. நான் வண்டியை ரவாங் பக்கம் திருப்பினேன்.

ரவாங்கில் ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது அடுத்த இடம். பலகையில் முதியோர் இல்லம் என்று இருந்தது. உள்ளே போனால் ஓர் இளம் பெண் தெரபிஸ்ட், இரண்டு கம்பிகளுக்கு நடுவே வரிசையாக எல்லாரையும் நடக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆன்டி கட்டிலில் படுத்துப் பார்க்கவே மறந்துவிட்டார்.

அப்பாவையும் கம்பிக்குள் நிறுத்தினார்கள். உடனே ஆன்டி ஆரம்பித்தார். கம்பி உயரம் ஜாஸ்தி, தரை வழுக்குகிறது, கையைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடிக்க வேண்டும், இந்த மனிதருக்கு வியர்க்கிறது, காற்றாடியை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். தெரபிஸ்ட் மூன்று மொழிகளில் கெஞ்சிப் பார்த்தார். காத்திருந்த கிழவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அப்பா நின்றார். மெல்லத் திரும்பினார். தாடை இழுத்தது.

"கொஞ்சம்... சும்மா இருங்கம்மா. நடக்க விடுங்க."

குழறலாகத்தான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது. நோய் வந்த பிறகு நான் கேட்ட முதல் வாக்கியம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆன்டி மட்டும் அசரவில்லை. தெரபிஸ்ட் பக்கம் திரும்பி, "பேச்சும் வந்துருச்சு. இந்த எடம் பாஸ்" என்றார், என்னவோ தானே திட்டம் போட்டு நடத்தியதைப்போல.

அதிலிருந்து பயிற்சி நாட்களில் அப்பா ரவாங்குக்குக் கொமூட்டர் ரயிலில் போனார். துணைக்கு ஆன்டி. ரயில் பெட்டி, படிக்கட்டு, ஸ்டேஷன் கழிப்பறை என்று ஆன்டி ஒவ்வொன்றாகக் கழிக்க, அப்பா ஒவ்வொன்றுக்கும் பரிந்து பேச வேண்டியதாயிற்று. அப்பாவுக்குப் பேச்சு இவ்வளவு வேகமாகத் திரும்புகிறதே, யாரிடம் பயிற்சி என்று தெரபிஸ்ட் கேட்டாராம். சண்டையில் வந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். இப்போது கைத்தடி ஊன்றித் தனியாகவே பாசாருக்குப் போய் வருகிறார்.

ஆன்டிக்குப் போன மாதம் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. வார்டில் தலையணை முதல் டாக்டரின் கையெழுத்துவரை எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். எங்கள் மாடி வெறிச்சென்று இருக்கிறது. அப்பா காலையில் பேப்பரைப் பிரித்துவிட்டு, எதிர்க்கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்டியைப் பார்க்கக் கிளம்பினோம். அப்பா தானே அயர்ன் செய்த சட்டையைப் போட்டிருந்தார். வழியெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாழ்த்தித் தலையைச் சரி செய்துகொண்டே வந்தார். நான் கவனிக்காத மாதிரி ஓட்டினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன்.