பெல்ஸ் பேண்டில் பெண் பார்த்த விவரம்

மதிப்புக்குரிய தாய்மாமா சுந்தரலிங்கம் அவர்களுக்கு, கம்பத்திலிருந்து மருமகன் மகிழன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். திருப்பூரில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். கோபத்தில் இருக்கிறவர்களுக்கு உடம்பு கெடாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் போனை எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள். ஆகவே தபால். இதை உங்களால் பிளாக் செய்ய முடியாது.

"தேவதானப்பட்டி வரன் நான் பாத்துக் குடுத்தது. இதையும் வாயால கெடுத்தியானா, எங்க வாசப்படிய மிதிக்காத" என்று சொன்னீர்கள். நான் பெல்ஸ் பேண்டில் பெண் பார்க்கப் போனதாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். செய்தி சரி. முடிவு தெரியாமல் கோபப்பட்டது தப்பு. முடிவு இதுதான்: கயலுக்குச் சம்மதம். தை மாதம் கல்யாணம். ஜெயித்துவிட்டேன் மாமா. இனி விவரம்.

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் ஒரு சினிமா எடுக்கிறார்கள். அப்பாவின் கல்யாணத்தை நிறுத்த 1982க்குப் போகிற பையன், அங்கே மாப்பிள்ளைத் தோழனாக மாட்டிக்கொள்கிற காமெடிக் கதை. அவனை அனுப்பும் டைம் மெஷினைச் செய்தது நான். பழைய மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, சீரியல் லைட், டைமர், அவ்வளவுதான். 1982இல் மனிதர்கள் தூங்கும்போதும் பெல்ஸ் போட்டிருந்தார்கள் என்று டைரக்டர் நம்புகிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டக் காட்சிக்கு ஆள் குறைகிறது என்று என்னையும் பிடித்து, ஊதா பெல்ஸ், நாய்க்காது காலர் சட்டை எல்லாம் மாட்டி, காஸ்ட்யூமர் சசிதரன் கிருதாவைப் பசை போட்டு ஒட்டினார். குமுளிக்காரர், மலையாளம் கலந்துதான் பேசுவார். "சுந்தரமாயிட்டு உண்டு, இனி குளிச்சாலும் போகாது" என்றார். அதற்குள் மேகம் மூடி ஷூட்டிங் நின்றது, வெயில் வரட்டும் என்று உட்காரவைத்தார்கள், அன்றைக்குப் பெண் பார்க்கக் குறித்த நல்ல நேரம் நெருங்குகிறது, என் பேண்ட் சட்டையைத் தேடினால் காஸ்ட்யூம் வேன் அதையும் சேர்த்து அயர்ன் செய்ய அல்லிநகரம் போய்விட்டது. வேறு வழி? அப்படியே பஸ் ஏறினேன்.

தேனி பஸ் ஸ்டாண்டை என் பேண்ட் பெருக்கிச் சுத்தம் செய்தது. தேவதானப்பட்டி பஸ்ஸில் கண்டக்டர், "ஏண்ணே, இன்னைக்கு எந்த ஊர்ல ஆட்டம்?" என்றார்.

"ஆட்டம் இல்ல. பொண்ணு பாக்கப் போறேன்."

பின் சீட்டில் ஒரு அம்மா, "ஆத்தாடி! அந்தப் பிள்ளைக்கு யாராச்சும் ஒரு போனப் போட்டுச் சொல்லுங்கப்பா" என்றார். பஸ்ஸே சிரித்தது.

பெண்ணின் அப்பா வீரணன் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். பெண்ணின் அம்மா சங்கிலியம்மாள் கேசரித் தட்டோடு நிலைப்படியில் நின்றுவிட்டார். கயல் ஒரு முறை எட்டிப் பார்த்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். போச்சு என்று நினைத்தேன். வீரணன் என் பேண்ட்டைக் கீழிருந்து மேலே பார்த்து, "ஏன் தாமசம்?" என்றார்.

"டைம் மெஷின்ல வேலை இருந்துச்சு" என்றேன். உண்மைதானே.

"டைமரா? அட, நம்ம தோப்பு மோட்டார்லயும் அதுதேன் கோளாறு. வச்ச நேரத்துக்கு நிக்க மாட்டேங்குது. வாங்க, அங்கன போயிப் பாப்போம்."

கேசரியை வைத்துவிட்டு வீடே தென்னந்தோப்புக்குக் கிளம்பியது. பெல்ஸைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். டைமரைத் தொடாமலே கரண்ட் மோட்டாருக்குப் போகிறது. பிறகு டைமர் எதற்கு, சாமி கும்பிடவா? கோபம் வந்துவிட்டது. "எந்த மாடு இத ஒயரிங் பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"நாந்தேன்" என்றார் வீரணன்.

சங்கிலியம்மாள் வானத்தைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு ஒயரை மாற்றி டைமரை வைத்தேன். மோட்டார் ஓடியது, வைத்த நேரத்துக்குச் சரியாக நின்றது. வீரணன் இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு, "ஏத்தா கயலு, என்னத்தா சொல்ற?" என்று கூப்பிட்டார்.

"சரிப்பா" என்றது தென்னைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆகவே மாமா, என் வாய் கெடுக்கவில்லை. என் எலக்ட்ரிக்கல் படிப்பு ஜெயித்தது. உடுப்பில் என்ன இருக்கிறது? சரக்கு இருப்பவன் சாக்கைக் கட்டிக்கொண்டு போனாலும் பெண் கொடுப்பார்கள். இதை நீங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அத்தையின் காலில் நான் விழுந்ததாகச் சொல்லவும். உங்கள் காலில் நேரில் வந்து விழுகிறேன், வாசல் திறந்திருந்தால்.

அன்பு மருமகன்,
மகிழன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் கயல் போன் செய்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க போட்டோவப் பாத்து முதல்லயே வேணாம்னுட்டேன். மீட்டர் ரீடிங் எடுக்க வந்த ஆளு மாதிரி இருந்தீக. உங்க மாமாதேன் ஒரு தடவ நேர்ல பாக்கச் சொல்லிக் கெஞ்சுனாக. அந்தப் பெல்ஸும் கிருதாவுமா வந்து நின்னீகளா, சிரிச்ச சிரிப்புல சரின்னுட்டேன். தாலி கட்டவும் அதே மாதிரி வாங்க. மோட்டாரா? அது மறுநாளே நின்னுபோச்சு. அப்பா பழையபடி ஒயர மாத்துனாக, ஓடுது." ஆகவே உடனே பிளாக்கை எடுத்துவிட்டு, திருப்பூரில் பெல்ஸ் தைக்கத் தெரிந்த டெய்லர் ஒருவரைப் பிடித்துவைக்கவும். கிருதாவை நானே வளர்க்கத் தொடங்கிவிட்டேன்.