நாய் வருமுன் வாங்க வேண்டியவை

இந்தக் கதை எனக்கு நேரில் தெரிந்ததல்ல. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் என்னோடு வரும் கோவிந்தன் அண்ணன் சொன்னது. அவர் கதை நடந்த அரசாங்கக் கிடங்கின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். இதில் பாதி அவர் தட்டச்சு செய்தது, மீதி அவர் காதில் விழுந்தது. எந்தத் துறையின் கிடங்கு என்று கேட்டேன். "ஒரு துறை பேரைச் சொன்னா, எங்களை ஏன் விட்டேன்னு மத்த துறைக்காரங்க கோவிச்சுக்குவாங்க தம்பி" என்றார். அதனால் நானும் சொல்லவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஏரிக்குப் போகும் வழியில் அந்தக் கிடங்கு இருந்தது. உள்ளே தார்ப்பாய்கள். புயல், வெள்ளம் வந்தால் மக்களுக்கு வழங்குவதற்காக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு புயலின்போதும் யாராவது ஒருவரின் கையெழுத்து குறைந்ததால் அவை பத்திரமாக இருந்தன. ஆனால் திருடர்களுக்குக் கையெழுத்து தேவைப்படவில்லை. பின்சுவர் ஏறி வந்து ஒன்றிரண்டாக எடுத்துப் போனார்கள்.

இரவுக் காவலர் துலுக்கானம் ஒரே ஆள். வாசலில் நின்றால் பின்சுவர் தெரியாது. பின்சுவருக்குப் போனால் வாசல் தெரியாது. தினக்கூலிதான். அவர் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தபோது பிறந்த மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அவர் இன்னும் தற்காலிகமாகவே இருந்தார்.

ஒரு காலையில் கிடங்கு அதிகாரி லட்சுமணன் அவரைக் கூப்பிட்டு, இன்னொரு தார்ப்பாய் காணாமல் போனால் அதோடு சேர்ந்து துலுக்கானமும் காணாமல் போகவேண்டியிருக்கும் என்று அமைதியாகச் சொன்னார். துலுக்கானத்துக்கு வேறு வேலை தெரியாது. இந்த வயதில் வேறு யாரும் தரவும் மாட்டார்கள். தலையைச் சொறிந்துகொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"பின்னால ஒரு நாய் இருந்தா போதும் சார். எங்க தெருவுல குட்டி போட்டுகீது. நாளைக்கே பையில போட்டு எத்துகினு வந்துடறேன்."

லட்சுமணனுக்கு நாய் பிடித்திருந்தது. நாளைக்கு என்பதுதான் பிடிக்கவில்லை. அரசாங்கத்தில் ஒரு நல்ல காரியம் நாளைக்கே நடந்துவிட்டால் அதில் ஏதோ முறைகேடு இருக்கிறது என்று பொருள்.

"நாளைக்கு வந்தா எதுல சாப்பிடும்?"

"கொட்டாங்கச்சில சார்."

"எங்கே படுக்கும்?"

"அது எங்க படுக்குதோ அங்க சார்."

"கழுத்துல என்ன இருக்கும்?"

துலுக்கானம் கொஞ்சம் யோசித்து, "கழுத்துல கழுத்துதான் சார் கீது" என்றார்.

"துலுக்கானம், இது உன் நாய் இல்லே. அரசாங்கத்து நாய்."

லட்சுமணன் நாய் விஷயம் தெரிந்தவர். அவர் குடியிருந்த முகப்பேர் வீட்டு வசதி வாரிய அடுக்குமாடியில் அந்த வருடம் பொமரேனியன் பரவியிருந்தது. முந்தைய வருடம் மீன்தொட்டி. அதற்கு முந்தைய வருடம் மணி பிளான்ட். அவர் மனைவி கஸ்தூரி வளர்த்த வெள்ளை நாய் ஆங்கிலத்துக்கு மட்டுமே கட்டுப்படும். வீட்டில் ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் அது யாருக்கும் கட்டுப்படுவதில்லை. கஸ்தூரி ஒரு வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தார். நாய்க்குட்டி வருமுன் வீட்டில் இருக்கவேண்டிய பொருள்கள் அதில் இருந்தன. சாப்பிட ஒரு கிண்ணம், தண்ணீருக்கு ஒரு கிண்ணம், கழுத்துப்பட்டை, சங்கிலி, கூண்டு, கம்பளி, சீப்பு, கடித்து விளையாட ரப்பர் எலும்பு.

அந்தப் பக்கம் அப்படியே கருத்துருவாகித் தலைமை அலுவலகம் போயிற்று. பத்திரிகைக்காரர் பின்பக்கத்தில் போட்டிருந்த வெண்டைக்காய் மோர்க்குழம்பும் கூடவே போனதால், வெண்டைக்காய் எதற்கு என்று ஒரு விளக்கம் கேட்கப்பட்டது. விளக்கம் அளிக்கப்பட்டது. பிறகு ஆணை வந்தது. கோவிந்தன் அண்ணன் அதை மனப்பாடமாகவே சொன்னார்: "மேற்படி பொருள்கள் யாவும் கொள்முதல் செய்யப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, இருப்பில் உள்ளன எனச் சான்றளிக்கப்படும் வரை, மேற்படி நாய்க்குட்டி எக்காரணம் கொண்டும் வளாகத்தினுள் அனுமதிக்கப்படலாகாது."

ரப்பர் எலும்பை எந்தக் கணக்குத் தலைப்பில் வாங்குவது என்பதில் சிறிது காலம் போயிற்று. தலைமை எழுத்தர் மனோகரன் கடைசியில் அதை ஊழியர் மனமகிழ் மன்றத்தின் கீழ் கொண்டுவந்தார். கேரம் போர்டுக்குக் காத்திருந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். கம்பளி வந்தபோது தொழிற்சங்கம் வந்தது. நாய்க்குக் கம்பளி உண்டென்றால் மார்கழிப் பனியில் நிற்கும் துலுக்கானத்துக்கு ஏன் இல்லை என்று கேட்டது. அது நியாயமான கேள்வி என்பதால் எழுத்துமூலம் பதில் தரப்பட்டது. துலுக்கானம் தற்காலிகப் பணியாளர். நாய்க்கு ஒப்பளிக்கப்பட்டிருப்பது நிரந்தரப் பணியிடம்.

இதைத் துலுக்கானம் வீட்டில் போய்ச் சொன்னார். அவர் மனைவி அங்கம்மா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை வாசலில் இட்லி விற்பவர். நாலு பேர் முன்னால் பேசிப் பழகிய வாய்.

"நாய்க்கு பர்மனென்டா? அப்ப நீ போயி குலைச்சிகினு கெட, நைனா. உனுக்கு இன்னாத்துக்கு மனுச வேசம்" என்றார்.

கழுத்துப்பட்டை வாங்கக் கழுத்தளவு வேண்டும். கழுத்தளவு எடுக்க நாய் வேண்டும். பொருள்கள் முழுவதும் வராமல் நாய் உள்ளே வரக்கூடாது. மனோகரன் அனுபவஸ்தர். துலுக்கானத்தைக் குட்டியோடு வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார். தான் உள்ளே நின்று கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அளவெடுத்தார். குட்டியின் முன்கால் ஒன்று கம்பியைத் தாண்டி உள்ளே வந்தது. மனோகரன் அதை மரியாதையாகப் பிடித்து வெளியே விட்டார்.

மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, குறைந்தவரைத் தேர்ந்து, பட்டை வந்து சேர்ந்தபோது குட்டி நாயாகியிருந்தது. பட்டை அதன் காலுக்குத்தான் சேர்ந்தது. மனோகரன் பட்டையைப் பார்த்தார், ஆணையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பட்டை ஆணைப்படி சரியாக இருந்தது. நாய்தான் ஆணையை மீறி வளர்ந்திருந்தது. ஆகவே பட்டைக்குப் பொருந்தும் வேறு நாயைக் கொண்டுவரும்படி துலுக்கானத்துக்கு உத்தரவாயிற்று. அடுத்த ஈற்றில் ஒரு குட்டி பொருந்தியது. அப்போது சீப்பு வரவில்லை. சீப்பு வந்தபோது அதுவும் வளர்ந்துவிட்டது. இப்படி நிராகரிக்கப்பட்ட நாய்களெல்லாம் துலுக்கானம் வீட்டு வாசலிலேயே தங்கி, அங்கம்மாவின் இட்லியைத் தின்றன. அந்தத் தெருவில் அதற்குப் பிறகு திருட்டே கிடையாது.

கூண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நாய் வளரும், அரசாங்கச் சொத்து நீடித்து நிற்கவேண்டும் என்று லட்சுமணன் ஒவ்வோர் அளவையும் கொஞ்சம் கூட்டினார். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியிருந்த ஒப்பந்தக்காரர் இன்னும் கொஞ்சம் கூட்டினார். பின்சுவர் ஓரம் தேக்குமரத்தில், ஓட்டுக்கூரையோடு எழும்பிய கூண்டைப் பார்த்துத் தொழிற்பேட்டை ஆட்கள் சிலர், வாடகைக்கு விடுவார்களா என்று விசாரித்தார்கள்.

மார்ச் மாதம் வந்தது. பொருள்கள் பயன்பாட்டில் உள்ளன, நாய் பணியில் உள்ளது என்று சான்று தராவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். நாய் வராதது ஒரு சிறு தாமதம்தான் என்பதால் லட்சுமணன் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் அவருக்கு இன்னொரு பயம் வந்தது. எவர்சில்வர் கிண்ணம், புதுச் சங்கிலி, கம்பளி எல்லாம் பின்சுவர் ஓரம் கிடக்கின்றன. திருடன் வந்தால்? உடனே, துலுக்கானம் இனிமேல் வாசலை விட்டுவிட்டு நாய்ப் பொருள்களைக் காவல் காக்கவேண்டும் என்று உத்தரவிட்டார்.

திருடர்கள் இதைத் தெரிந்துகொள்ள ஐப்பசி ஆயிற்று. நல்ல மழையில் வாசல் வழியாகவே வண்டியோடு வந்தார்கள். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி கஜபதி வந்தார். தார்ப்பாய்களில் பாதி போய்விட்டது, பாதி ஏனோ தரையில் சிதறிக் கிடந்தது. துலுக்கானம் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். வேலை போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகத்தான் நின்றார்.

"நேத்து நீ எங்கே இருந்தே?"

"கூண்டுல சார். மழை. கம்பளியும் அங்கதான் கீது."

"திருடங்களைப் பார்த்தியா?"

"சத்தம் கேட்டுச்சி சார். நாலஞ்சு பேரு. நான் ஒண்டி ஆளு. கையில தடி கூட இல்ல."

"அப்ப என்ன பண்ணினே?"

துலுக்கானம் லட்சுமணனைப் பார்த்தார், மனோகரனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"குலைச்சேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. கஜபதி எழுதிக்கொண்டார்.

"அவனுங்க பாதியப் போட்டுட்டு ஓடிட்டானுங்க சார்" என்று துலுக்கானம் சேர்த்துச் சொன்னார்.

கஜபதி பேனாவை மூடிவிட்டு, அப்படியானால் நாய் எங்கே என்று கேட்டார். பணியில் உள்ளது என்று சான்று இருக்கிறதே. லட்சுமணன் மனோகரனைப் பார்த்தார். அப்போது மனோகரன் ஒருமுறை செருமிவிட்டு எழுந்தார். ஒப்பளிக்கப்பட்ட கூண்டில் படுத்தவர் துலுக்கானம். கம்பளியைப் போர்த்தியவர் அவர். கிண்ணத்தில் சாப்பிடுபவரும் அவர்தான் என்று விசாரித்ததில் தெரிகிறது. குரைத்ததற்கு வாக்குமூலமே இருக்கிறது. ஆணையில் நான்கு கால் என்று எங்கேயும் குறிப்பிடப்படவில்லை. ஆகவே நாய் பணியில் இருக்கிறது, சான்று உண்மையானது.

கஜபதி ஆணையை இரண்டு முறை படித்தார். குறை எதுவும் தெரியவில்லை. கழுத்துப்பட்டை மட்டும் பயன்பாட்டில் இல்லையே என்றார். துலுக்கானத்தின் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தார்கள். அளவெடுத்தது போல இருந்தது.

அன்று சாயங்காலம் துலுக்கானத்துக்கு இரண்டு தாள்களைக் காட்டினார்கள். ஒன்றில் காவலரான அவர் வீட்டுக்குப் போகலாம். இன்னொன்றில் நிரந்தரப் பணியிடம், கம்பளி, பிற்காலத்தில் ஓய்வூதியம். ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுகினு வந்துடறேன் என்று போனார். திண்டாட்டத்தோடு போய் நின்றவரை அங்கம்மா அதிக நேரம் நிற்கவைக்கவில்லை.

"இத்தினி வருசம் மனுசனா இருந்து இன்னாத்தக் கண்டே? போ. கையெழுத்து போட்டுட்டு வா."

கோவிந்தன் அண்ணன் கதையை இங்கே நிறுத்திவிட்டு அம்பத்தூரில் இறங்கிப் போனார். நான் அன்று பெட்டிக்குள் தனியாகச் சிரித்தேன். ஆனாலும் கேட்டதை அப்படியே எழுதக்கூடாது என்று விசாரித்துப் பார்த்தேன். துலுக்கானம் ஓய்வு பெற்றது உண்மை. ஓய்வூதியம் வாங்குவது உண்மை. பணியிடம் காலியானதும், வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகப் பட்டதாரிகளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்ததும் உண்மை. அன்றைக்கு வரிசை கிடங்கு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் எம்.ஏ. பொருளாதாரம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி மெதுவாக ஒருமுறை குரைத்துப் பார்த்துக்கொண்டார்.

என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.