திறந்த கதவுக்குக் காவல்

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானின் முழங்கால் வலி தேவலையா? இங்கே நானும் மகளும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது பொய்யாகிவிடும்.

பறக்கும் வீரன் வருகிற அந்தத் தொடரில் நான் ரப்பர் முகமூடி போட்ட அரக்கனாக அடி வாங்கிப் பிழைப்பது உனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு தலை, ஆனால் அதே முதுகு. தெருவில் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியாது. மகள் மட்டும், அரக்கன் விழும்போது கைதட்டிவிட்டு, நான் வீட்டுக்கு வந்ததும் முதுகில் தைலம் தேய்த்துவிடுவாள். இப்படி மானமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் இயக்குநர் மண்ணைப் போட்டார். இந்த வாரம் அரக்கனே கிடையாதாம், சாதாரண மனுஷங்கதான் வில்லன்களாம். சக்தியை இழந்த வீரன் ரத்தம் சொட்டச் சொட்ட ஓர் அடுக்குமாடியில் கதவு கதவாகத் தட்டுகிறான். யாரும் திறப்பதில்லை. மூன்றாம் மாடியில், கதவுத் துளை வழியாக அவனைப் பார்த்துவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டு சாப்பிட உட்காருகிறவன் நான். முகமூடி இல்லை, வசனமும் இல்லை. வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தால் போதும் என்றார் இயக்குநர். ஒரே டேக்கில் முடிந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், நானும் சந்தோஷமாக எல்லோருக்கும் கும்பிடு போட்டேன் அக்கா.

ஒளிபரப்பான மறுநாள் மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தன் கடை டிவியின் சத்தத்தைக் கூட்டினார். எதிர்வீட்டு டீச்சர், பார்த்தால் நல்ல மனுஷன் மாதிரி இருந்தீர்களே என்று வருத்தப்பட்டார். அதெல்லாம் போகட்டும். மகள் அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"யார் வந்து தட்டினாலும் திறப்பியாப்பா?"

"யார் தட்டினாலும் திறப்பேன்டா."

அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை. அவள் அம்மா கோபித்துக்கொண்டு போய் இரண்டு வருடமாகிறது. இனி இந்த வாசற்படி மிதித்தால் கதவு திறக்காது என்று நான் கத்தியதை நீயும்தான் கேட்டாய். அது முடிந்த கதை, கிளறாதே. எனக்கென்று இருப்பது இந்தக் குழந்தை ஒருத்திதான். அவளும் என்னை அந்த மூன்றாம் மாடிக்காரன் என்று நினைத்துவிட்டால் நான் எங்கே போவேன்?

ஆகவே மறுநாள் முதல் வாசல் கதவை மூடுவதே இல்லை. முதலில் ஒரு பூனை வந்து பாலைக் குடித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் குட்டியும் போட்டுவிட்டது. பிறகு தண்ணீர் சுத்தப்படுத்தும் மெஷின் விற்கிறவர் வந்து, நான் வாங்கவில்லை என்றதும் என் சாப்பாட்டையாவது சாப்பிட்டுவிட்டுப் போனார், அதற்குள் வெளியே கிடந்த செருப்பெல்லாம் காணோம், சரி, இனி தாங்காது என்று நான் வாசலிலேயே நாற்காலி போட்டு, கையில் தடியோடு உட்கார்ந்துவிட்டேன். திறந்த கதவுக்குக் காவல்! அப்படியும் பிள்ளை முகம் தெளியவில்லை. நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் என்னைப் பார்த்ததும் அழுதாள். ஏன் என்று கேட்டதற்குப் பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

நீதான் அவளிடம் பேச வேண்டும். உன் தம்பி யாரையும் வாசலில் நிறுத்திவைக்கிறவன் இல்லை என்று சொல். நீ சொன்னால் நம்புவாள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: கடிதத்தை மகளிடம் கொடுத்து, அத்தைக்கு நீயும் நாலு வரி எழுதி ஒட்டி, தபாலில் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். நான் இந்த இடத்தைவிட்டு அசைய முடியாது.

அத்தை, டிவியில வந்தது நடிப்புன்னு எனக்குத் தெரியும். அம்மா இப்பல்லாம் ஸ்கூல் வாசலுக்கு வர்றாங்க. வீட்டுக்கு வந்தா அப்பா கதவைத் திறப்பாரான்னு கேட்டாங்க. அதான் அப்பாகிட்ட கேட்டேன். திறப்பேன்னு சொன்னாருன்னு அம்மாகிட்ட சொன்னேன். நேத்து என்கூட தெருமுனை வரைக்கும் வந்தாங்க. அப்பா வாசல்ல தடியோட உட்கார்ந்திருந்ததைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அப்பாவை உள்ள போகச் சொல்லுங்க அத்தை. கதவைச் சாத்திக்கிட்டாலும் பரவாயில்லை. அம்மா தட்டுவாங்க.